அறுபத்தோரு டெஸ்டும் என் காதும்

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை, ஒட்டுக்கேட்டுப் பிடித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். கம்பெனியிலிருந்து வந்த அலுப்போடு கீழே உட்கார்ந்து வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தேன். உள்ளறையில் என் பெண் மோகனப்பிரியா கதவைச் சாத்திக்கொண்டு, சிநேகிதி யாரிடமோ போனில் பேசினாள். "எல்லாம் பாஸ்தான்டி. மூணு மாசமா பாஸ். ஆனா எதையுமே அது பாக்கல" என்றாள்.

எனக்கு அரிகிற கை நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று பிறகு சொல்கிறேன். சொல்லாமல் தப்பிக்கப் பார்ப்பேன், விடாதீர்கள்.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். தொடக்கங்கள் இப்படி வந்தன:

"விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளுக்குப் பின்னால் சூரியன் மறைந்த வேளையில், ஒரு இளம்பெண்ணின் கண்களில் கலக்கம்—"

நிறுத்திவிட்டேன். அவள் கண்ணை நான் பார்க்கவே இல்லை. கதவு சாத்தியிருந்தது.

"கணினித் திரையில் நூற்றுக்கணக்கான பச்சை விளக்குகள் ஒளிர்ந்தன."

மோகனாவிடம் கேட்டேன். விளக்கெல்லாம் இல்லையாம், வெறும் பச்சை டிக் மார்க்காம். விளக்கு என்றால் வாசிக்க நன்றாக இருந்தது. போயிற்று.

"நான் அம்சவல்லி. வயது ஐம்பது. ப்யூஸ் கட்டை தட்டிப் பார்க்கிற வேலை. நாற்பத்து நாலு வயதில்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன்."

இதில் பொய் இல்லை. அழகும் இல்லை. இருக்கட்டும், இதை வைத்தே போவோம்.

(மோகனாவின் அப்பா நெய்வேலிப் பக்கம் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் ஒருநாள் வருவார். இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை. அவரிடமே சொன்னேன். "நிம்மதி" என்றார்.)

2

நீங்கள் இந்தத் தொழிலில் இருப்பவராக இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். எந்தத் தொழில் என்று கேட்காதீர்கள், ரெண்டும் வருகிறது.

மோகனா பாண்டிச்சேரியில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கிறாள். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. அவர்கள் செய்வது சின்ன ஆஸ்பத்திரிகளுக்கான ஒரு சாப்ட்வேர். குழந்தையின் எடையைத் தட்டினால் மருந்து எத்தனை மில்லி என்று அது சொல்லும். அது சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க இன்னொரு கூட்டம் குட்டி குட்டி புரோகிராம்கள் இருக்கின்றன. அவற்றைத்தான் டெஸ்ட் என்கிறாள். அவற்றை வரிசையாக ஓடவிட்டுப் பாஸ், பெயில் எண்ணிச் சொல்வதற்கு ஒரு சட்டம். அதற்குப் பெயர் ஃப்ரேம்வொர்க்.

ஒவ்வொரு டெஸ்டிலும் கடைசியாக ஒரு வரி வரும். "பத்து கிலோ பிள்ளைக்கு அஞ்சு மில்லி வரணும்." அந்த "வரணும்" இருக்கிறதே, அதுதான் அசர்ஷன். அந்த மாதிரி வரிகளை எழுதுவதற்கு வைத்திருக்கிற சாமான்தான் அசர்ஷன் லைப்ரரி.

லைப்ரரி என்றால் அலமாரியெல்லாம் இருக்குமா என்று கேட்டேன்.

"இல்லம்மா. வரணும்னு சொல்றதுக்கு விதவிதமா வார்த்தை போட்டு வச்சிருக்கிற டப்பா. அஞ்சறைப் பெட்டின்னு வச்சுக்கயேன்."

மூன்று விதமாகச் சொல்லலாமாம். இது வரும் என்று எதிர்பார்க்கிறேன், என்பது ஒரு விதம். இது இப்படி இருக்க வேண்டும், என்பது இன்னொன்று. இது இப்படித்தான், இல்லையென்றால் எல்லாவற்றையும் நிறுத்து, என்பது மூன்றாவது. எனக்கு மூன்றாவதுதான் பிடித்தது. எங்கள் சூப்பர்வைசர் அப்படித்தான் பேசுவார். மோகனா முதல் விதம். அவள் பிறந்ததிலிருந்தே எதிர்பார்க்கிற ரகம்.

ஃப்ரேம்வொர்க்கோடு ஒரு டப்பா சேர்ந்தே வருமாம். பிடிக்கவில்லையென்றால் வேறு டப்பா கொண்டுவந்து பூட்டிக்கொள்ளலாம். எந்த டப்பா, எவ்வளவு கண்டிப்பு என்று ஒரு பைலில் எழுதி வைக்க வேண்டும். நாலரை வர வேண்டிய இடத்தில் நாலரையும் ஒரு துளியும் வந்தால் விட்டுவிடலாமா, கூடாதா என்பது ஒரு கண்டிப்பு. இன்னொன்று இருக்கிறது. ஒரு டெஸ்டில் "வரணும்" என்கிற வரியே இல்லாவிட்டால்?

"அதுக்கு ஒரு ஸ்விட்ச்சு இருக்குதும்மா. போட்டு வச்சா, வரணும் இல்லாத டெஸ்டு பெயில். அணைச்சு வச்சா பாஸ்."

"என்னா வரணும்னே சொல்லலன்னா அது எப்படிடி பாஸ் ஆவும்?"

"தப்புன்னு யாரும் சொல்லலியே. அதனால பாஸ்."

இப்போது என் வேலை. ப்யூஸ் கட்டை உங்கள் வீட்டு மீட்டர் பெட்டியிலும் இருக்கும், வெள்ளைப் பீங்கான். சூளையிலிருந்து வந்ததும் மேசையில் குவிப்பார்கள். ஒவ்வொன்றாக எடுத்துச் சின்னக் குச்சியால் தட்ட வேண்டும். நல்லது ணங்கென்று கொஞ்சம் நீட்டிச் சொல்லும். உள்ளே விரிசல் ஓடியிருந்தால் டொக்கென்று முடித்துக்கொள்ளும். கண்ணுக்கு ரெண்டும் ஒன்றுதான். எந்தச் சூளையானாலும் நூற்றுக்கு நாலைந்து டொக் வரும், அது சகஜம். டொக்கைத் தள்ளிவிட்டு ணங்குக்கு சாக்பீஸால் டிக் போட்டுப் பெட்டியில் வைப்பேன்.

ரெண்டும் ஒரே வேலைதானே என்று மோகனாவிடம் சொன்னேன். "உடனே உன் கட்டையோட கொண்டாந்து சேத்துடுவியே" என்றாள்.

* இந்த இடத்தில் என் கைக்கு ஒரு வாக்கியம் வந்தது. நோட்டின் பின்பக்கத்தில் கிறுக்கிவிட்டு இங்கே வராமல் பார்த்துக்கொண்டேன். என் நோட்டில் அதுதான் வழக்கம். நல்லா வருவது முன்பக்கம், ஆகாதது பின்பக்கம்.

3

இனி கதை.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவர்கள் கம்பெனியில் பழைய டப்பாவை எடுத்துவிட்டுப் புது அசர்ஷன் டப்பாவைப் பூட்டச் சொன்னார்கள். பழையதைச் செய்தவர்கள் கைவிட்டுவிட்டார்களாம். அந்த வேலையை மோகனாவிடம் கொடுத்தார் அவளுக்கு மேலே இருக்கிற லீடு சக்கரபாணி. ஆயிரத்துச் சொச்சம் டெஸ்ட். பழைய வரிகளைப் புது வரியாக மாற்ற ஒரு மெஷின் மாதிரி புரோகிராம் இருக்கிறது, அது பெரும்பாலானதை மாற்றிவிட்டது. அறுபத்தோரு டெஸ்டில் மட்டும் அதற்குப் பிடிபடாமல் "வரணும்" வரியை உருவிப் போட்டுவிட்டது. மருந்து அளவு பார்க்கிற டெஸ்ட்கள். அவற்றைக் கையால் எழுதிக்கொள்ளலாம் என்று மோகனா குறித்து வைத்தாள்.

அன்றைக்கென்று பார்த்துச் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. ஸ்விட்ச் போட்டிருந்ததால் அறுபத்தொன்றும் சிவப்பு, அதாவது பெயில். சக்கரபாணி பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்த்தார். மோகனா ஸ்விட்ச்சை அணைத்தாள். எல்லாம் பச்சை. நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

நாளைக்கு என்பது மூன்று மாதம் வரவில்லை. அடுத்தடுத்த வேலை. அதோடு, பச்சையாக இருப்பதை யார் போய்த் திரும்பிப் பார்ப்பார்கள்? இவளை ஆபீசில் பச்சைப் பிரியா என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னாள். நானும் தெருவில் ரெண்டு பேரிடம் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை வேறு எதையோ தேடப் போய் அந்தப் பைலைத் திறந்திருக்கிறாள். அணைந்த ஸ்விட்ச்சைப் பார்த்தாள். சாப்பிடாமல் உட்கார்ந்து அறுபத்தோரு வரியையும் எழுதினாள். அறுபது பாஸ். ஒன்று பெயில்.

எதிர்பார்த்தது 4.5. வந்தது 9.

ஒன்பது கிலோ குழந்தைக்கு நாலரை மில்லி வர வேண்டிய இடத்தில் ஒன்பது. எடையையே அளவாகச் சொல்கிறது. அந்தக் கணக்கைப் போடுகிற புரோகிராம் வரிகளை (கோடு என்பார்கள்) ஐந்து வாரத்துக்கு முன்னால் மாற்றி எழுதியவன் நிலவன் என்கிற பையன். திங்கட்கிழமை அந்தச் சாப்ட்வேர் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அதே திங்கட்கிழமைதான் மோகனாவை நிரந்தரமாக எடுப்பதா, அனுப்புவதா என்று சக்கரபாணி முடிவு சொல்வதாக இருந்தது.

பிழையைச் சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை அவள். குழந்தைகள் சமாச்சாரம். கேள்வி அதுவல்ல. எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி.

ஒரு வழி: "இப்பதான் புதுசா ஒரு டெஸ்டு எழுதினேன், நிலவன் கோடுல தப்பு வந்தது." பொய்யென்று யாரும் பிடிக்க முடியாது. பழைய பைலை யாரும் பின்னால் போய்ப் பார்க்க மாட்டார்கள். இவளுக்குப் பாராட்டுகூடக் கிடைக்கும். நிலவனுக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை உண்டு, இது ரெண்டாவது, அவன் கதை முடிந்தது.

இன்னொரு வழி: ஸ்விட்ச்சை அணைத்தது நான்தான், அணைக்காமல் இருந்திருந்தால் நிலவன் தப்பு அன்றைக்கே பிடிபட்டு அவனே திருத்தியிருப்பான் என்று சொல்வது. அப்போது இவள் கதை.

(நிலவனைப் பற்றி ஒரு சந்தேகம். நான் அவனைப் பார்த்ததில்லை. முதல் தடவை எழுதும்போது தடிமனான கண்ணாடி, வயசான அம்மா, கம்மாபுரத்தில் சுரங்கத்துக்கு நிலம் போன குடும்பம் என்று எல்லாம் கொடுத்தேன். மோகனாவிடம் கேட்டால், அவன் கண்ணாடி போடுவதில்லை, அவனைப் பிடிக்கவும் பிடிக்காது, மீட்டிங்கில் பிஸ்கட்டை எல்லாம் அவனே தின்றுவிடுவான் என்கிறாள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பிஸ்கட் தின்கிறவனுக்கும் அநியாயம் நடக்கலாம்.)

4

சனிக்கிழமை இதையெல்லாம் சொல்லிவிட்டு மோகனா என்னிடம் கேட்டாள். "நீ என்னம்மா சொல்ற?"

நான் எழுதினது:

"அம்மா அவள் தலையைக் கோதினாள். 'உண்மையைச் சொல்லிடு கண்ணு. என்ன ஆனாலும் பாத்துக்கலாம்' என்றாள். அவள் குரலில் உறுதி—"

நல்ல அம்மா. எனக்கே பிடித்திருந்தது. ஆனால் நடந்தது இது:

"பேசாம இரு. புதுசா எழுதின டெஸ்டுன்னே சொல்லு. யாரும் கேக்காதத நீயா போயி எதுக்குச் சொல்ற?"

அவள் எழுந்து போய்விட்டாள். நான் பாத்திரம் விளக்கினேன்.

இப்போது நீங்கள் என்னை விடாமல் பிடித்திருக்க வேண்டிய இடம் வந்துவிட்டது. பின்பக்கத்தில் கிறுக்கியதையும் பிறகு அதோடு சேர்ந்ததையும் அப்படியே தருகிறேன்:

"அந்தப் பத்து நாளும் எனக்குச் சளி முற்றி ரெண்டு காதும் அடைத்திருந்தது. நான் தட்டினேன், எதுவும் கேட்கவில்லை, எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன், பச்சமுத்தண்ணனை அவர்கள்—"

"பத்தொன்பது வருஷம் மண் சுமந்த இடுப்பு. எழுதத் தெரியும் என்பதால் கொடுத்த மேசை. லீவு போட்டால் வேறொருத்தியை உட்காரவைத்து—"

"நாளைக்குக் கேட்டுவிடும் என்று நினைத்து—"

மூன்றையும் முடிக்கவில்லை. கதை மோகனாவைப் பற்றியது, இது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

5

எனக்கு வேறு வழி தோன்றாததால் ஞாயிற்றுக்கிழமை காலையில், கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிவிட்டு வரலாம் வா என்றேன். அவள் சிரித்தாள். இருந்தாலும் ஸ்கூட்டியை எடுத்தாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்கு: கொளஞ்சியப்பர் என்பது முருகன், கோயில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் இருக்கிறது. அங்கே சாமியிடம் வேண்டிக்கொள்வதோடு விடுவதில்லை. பிராது, அதாவது புகார், தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். பேர், ஊர், என்ன குறை, யார் மேல் என்று விவரமாக, ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிற மாதிரி. எழுதிக் கோயிலில் கட்டிவிட்டு வந்தால் அவர் விசாரிப்பார்.

மரத்து நிழலில் உட்கார்ந்தோம். தாள் வாங்க மறந்துவிட்டது. என் பையில் இந்த நோட்டு இருந்தது. மோகனா கடைசித் தாளைக் கிழித்துத் தொடையில் வைத்து எழுத ஆரம்பித்தாள். பேர் எழுதினாள், ஊர் எழுதினாள். தமிழில் எழுதி ரொம்ப நாளானதால் கை கோணியது.

"இது எங்க ஆபீஸ்ல பிழை எழுதிப் போடுற ஃபாரம் மாதிரியே இருக்குதும்மா. என்ன எதிர்பார்த்தீங்க, என்ன நடந்துச்சு, யாருக்கு அனுப்பணும். அப்படியேதான்."

எல்லாம் எழுதினாள். யார் மேல் என்கிற இடத்தில் பேனா நின்றது.

நிலவன் மேல் எழுதேன், அவன் கோடுதானே என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் என் கையெழுத்து இருந்தது.

கிழிக்கும்போது நான் கவனிக்கவில்லை. சத்தியமாகக் கவனிக்கவில்லை. (கதை எழுதுகிறவள் இப்படிச் சொன்னால் நம்பாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் இது நடந்தது.)

மூன்று வரியையும் படித்தாள். ரெண்டு தடவை படித்தாள்.

"யாரும்மா இது?"

"கதையில வர்ற ஒரு பொம்பள."

"கதையில வர்ற பொம்பளைக்கும் ப்யூஸ் கட்டை கம்பெனிதானா?"

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பச்சமுத்து மாமா சூளைய விட்டுட்டுப் போனாரே, அதுவா?"

சொன்னேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக முழு வாக்கியமாகச் சொன்னேன். பத்து நாள் எனக்கு ணங்கும் தெரியவில்லை, டொக்கும் தெரியவில்லை. தட்டுவதை மட்டும் விடாமல் தட்டினேன். பார்க்கிறவர்களுக்கு அம்சவல்லி வேலை செய்கிறாள். வழக்கமாக வருகிற நாலைந்து டொக்கும் தள்ளப்படாமல் எல்லாப் பெட்டியிலும் போய்விட்டது. வாங்கினவர்கள் திருப்பி அனுப்பினார்கள். இவ்வளவு விரிசல் என்றால் சூளையைச் சீக்கிரம் ஆறவிட்டிருக்கிறான் என்று முதலாளி முடிவு கட்டினார். பதினேழு வருஷம் சூளையைப் பார்த்த பச்சமுத்தண்ணனை எல்லோருக்கும் முன்னால் நிற்கவைத்துக் கேட்டார். "என் சூளை தப்பு பண்ணாதுங்க" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். அவரை மண் சுமக்கப் போட்டார்கள். ஒரு மாதம் சுமந்துவிட்டு வேலையை விட்டு நின்றுகொண்டார், இப்போது வேப்பூரில் ஏதோ ஓட்டலில் இருப்பதாகக் கேள்வி. நான் மேசையில் இருந்தேன். அப்போது காது நன்றாகக் கேட்டது.

மோகனா சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"அதனாலதான் நேத்து என்னைப் பேசாம இருன்னியா?"

"உன் வேலை போயிடக் கூடாதுன்னுதான் பாப்பா."

"உன் வேலை போவலியே. அதுக்கப்புறம் நல்லா இருந்தியா?"

"உக்காந்துதான் இருந்தேன்" என்றேன்.

அவள் தாளைத் திருப்பினாள். யார் மேல் என்கிற இடத்தில் அவள் பேரையே எழுதினாள். கொடுப்பவரும் மோகனப்பிரியா, குற்றவாளியும் மோகனப்பிரியா.

"சாமி குழம்பிடும்டி."

"குழம்பட்டும். நாளைக்கு எங்க லீடும் குழம்புவாரு."

பேனாவை என்னிடம் நீட்டினாள். நான் இன்னொரு தாளைக் கிழித்தேன். பேர் எழுதினேன், ஊர் எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. என் மேல் பிராது கொடுக்க வேண்டிய ஆள் நான் இல்லையே, பச்சமுத்தண்ணன் அல்லவா. அவர் இந்த மரத்தடியில் வந்து உட்கார்ந்தாலும் யார் மேல் என்கிற இடத்தில் என்ன எழுதுவார்? அவருக்குத் தெரியாது. முதலாளி பேரை எழுதுவார், இல்லாவிட்டால் சூளை பேரை எழுதுவார்.

அவள் தாளை மட்டும் கட்டினோம். என்னுடையதை மடித்து நோட்டில் வைத்துக்கொண்டேன்.

6

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதைக்கு முடிவு எழுத உட்கார்ந்தேன். மோகனாவுக்காக மூன்று முடிவு தயாரித்தேன். அவள் வாங்கிப் படித்து ஓரத்தில் குறிப்பு எழுதினாள். அதையும் தருகிறேன்.

முடிவு அ. மோகனா உண்மையைச் சொல்கிறாள். சக்கரபாணி கண் கலங்கி, இப்படிப்பட்ட நேர்மைதான் கம்பெனிக்கு வேண்டும் என்று நிரந்தரமாக்குகிறார்.
ஓரக் குறிப்பு: "லீடை உனக்குத் தெரியாது."

முடிவு ஆ. மோகனா உண்மையைச் சொல்கிறாள். வேலை போகிறது. என்னோடு கம்பெனிக்கு வந்து பக்கத்து மேசையில் உட்கார்ந்து கட்டை தட்டுகிறாள்.
ஓரக் குறிப்பு: "எனக்கு எல்லாமே ணங்னுதான் கேக்கும். வேணாம்."

முடிவு இ. மோகனா புது டெஸ்ட் என்று சொல்லிவிடுகிறாள். நிரந்தரமாகிறாள். நிலவன் போய்விடுகிறான். மீட்டிங்கில் பிஸ்கட் மிஞ்சுகிறது. மூன்று வருஷம் கழித்து, காரணம் தெரியாமல், ஒரு கதை எழுத உட்கார்கிறாள்.
ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. அந்தத் தாளை மட்டும் நாலாக மடித்திருந்தாள்.

திங்கட்கிழமை நான் லீவு போட்டேன். மேசை கொடுத்த நாளிலிருந்து இதுதான் முதல் லீவு. பத்து மணிக்கு அவளுக்கு மீட்டிங். கதவைச் சாத்தவில்லை. "நேராவே கேளு" என்றாள். நான் வாசற்படியில் நின்றேன்.

முதலில் மற்றவர்கள் பேசினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு இவள் முறை வந்தது. ஒன்பது கிலோ விஷயத்தைச் சொன்னாள். லேப்டாப்புக்குள்ளிருந்து ஒருத்தர், நிலவா, இது உன் கோடுதானே என்று கேட்டார். அந்தப் பையன் எதையோ விழுங்கிவிட்டு, ஆமா சார் என்றான். இவள் இடையில் புகுந்தாள்.

"சார், ஒரு நிமிஷம். மூணு மாசத்துக்கு முன்னாடி அந்தக் கண்டிப்பு ஸ்விட்ச்ச அணைச்சது நான். திரும்பப் போடல. அறுபத்தோரு டெஸ்டு சும்மாவே ஓடியிருக்குது. நிலவன் தப்பு அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும். தெரியாம போனதுக்கு நான்தான் காரணம்."

நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு சக்கரபாணி, ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதை இன்றைக்கு நிறுத்திவைப்போம் என்றார். மோகனப்பிரியா, உங்ககிட்ட நாலு மணிக்குத் தனியாப் பேசறேன் என்றார். குரலை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. எவ்வளவோ கட்டை தட்டியிருக்கிறேன், அந்தக் குரலில் ணங்கா டொக்கா தெரியவில்லை.

மோகனா மூடியைச் சாத்தினாள். ஒரு சொம்பு தண்ணீரை அப்படியே குடித்தாள்.

"நாலு மணிக்கு என்னா சொல்றாருங்கறத நீ எழுதக் கூடாது" என்றாள். "அது என்னோடது. நீ உன்னோடத எழுது."

"என்னோடது இன்னும் நடக்கலியே."

"வேப்பூருக்குப் பதினொண்ணே காலுக்கு பஸ்ஸு இருக்குதும்மா."

7

ஆகையால் நாலு மணிக்கு என்ன நடந்தது என்பது இந்தக் கதையில் இல்லை. கேட்டு எழுதாதீர்கள், சொல்ல மாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

வேப்பூரில் ஹைவே ஓரத்தில் இறங்கினேன். நாலாவதாக எட்டிப் பார்த்த ஓட்டலில் ஆள் இருந்தார். பச்சமுத்தண்ணன் கல்லுக்கு முன்னால் நின்று பரோட்டா போட்டுக்கொண்டிருந்தார். சூளையிலிருந்து போனவருக்கு நெருப்புப் பக்கமே வேலை கிடைத்திருக்கிறது. முடி நன்றாக நரைத்திருந்தது.

"இன்னா அம்சா, பஸ்ஸு மாத்தி ஏறிட்டியா?" என்றார். "உக்காரு. மேசை வேலைக்காரியாச்சே, நிக்க வச்சா உனக்குக் கோவம் வரும்."

சும்மா கேலிக்குத்தான் சொன்னார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வாய் வராது என்று பட்டது.

வழி நெடுக பஸ்ஸில் தொடக்கங்கள் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன். "அண்ணே, உங்ககிட்ட ஒரு விஷயம்—" "நடந்தது நடந்துபோச்சு, ஆனா—" "என் பொண்ணு ஒரு கம்பெனியில—" எல்லாவற்றையும் நோட்டின் பின்பக்கத்துக்கு அனுப்பிவிட்டேன். வந்தது இதுதான்:

"அண்ணே, அந்தப் பத்து நாளும் எனக்குக் காது கேக்கல. உங்க சூளை தப்பு பண்ணல. நான்தான் எல்லாத்துக்கும் டிக் போட்டேன்."

இதற்கு மேல் பச்சமுத்தண்ணன் பேச வேண்டிய இடம். மோகனாவுக்கு மூன்று விதமாக முடிவு எழுதினவள் நான். இவருக்கு ஒன்று எழுதவும் கை வரவில்லை. "போவட்டும் விடு" என்று இவரைச் சொல்லவைத்தால் கதை அழகாக முடியும், நானும் மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். அதனாலேயே எழுதவில்லை. உங்களில் யாராவது எழுதுவதாக இருந்தால் எழுதுங்கள். ஆனால் என்னைக் காப்பாற்றுகிற மாதிரி எழுதிவிட்டு, அதைப் பாஸ் என்று டிக் போட்டுவிடாதீர்கள்.

நான் எழுதி முடிக்கிற இடத்தில் அவர் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். கரண்டி பிடித்த கை அப்படியே நிற்கிறது. கல்லில் ரெண்டு பரோட்டா கருக ஆரம்பித்துவிட்டன. பதினேழு வருஷம் சூளை பார்த்த மனுஷன் ஒன்றையும் கருகவிட்டதில்லை. இப்போது அவரும் பார்க்கவில்லை, எனக்கும் நகரத் தோன்றவில்லை. யாராவது எட்டி அதைத் திருப்பிப் போடுங்களேன்.